கூட்டி வந்தவருக்கும் பங்கு உண்டு: பட்டாயாவின் கடையும் சாப்பாடும் இரவும்

தாய்லாந்தின் கடற்கரை ஊரான பட்டாயாவின் தெற்கு முனையில் பாலி ஹாய் என்ற படகுத்துறை இருக்கிறது. எதிரே தெரியும் கோ லான் தீவுக்கு அங்கிருந்து மரத்தாலான பயணிகள் படகு போகிறது. கட்டணம் பல ஆண்டுகளாக 30 பாட். நம் பணத்தில் நூறு ரூபாய்கூட ஆகாது. ஐஸ் மூட்டைகளோடும் காய்கறிக் கூடைகளோடும் தீவுக்காரர்களும் அதில்தான் ஏறுகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் கரை வந்துவிடும்.

அதே தீவுக்குச் சுற்றுலாக் குழுக்கள் விரைவுப் படகில் போகின்றன. அவர்கள் கையில் இருக்கும் பயணத் திட்டத்தில் அந்தத் தீவின் பெயர் ‘கோரல் ஐலண்ட்’. வழியில், நடுக்கடலில் மிதக்கும் ஒரு மேடையில் படகை நிறுத்துவார்கள். பாராசூட்டில் பறக்க ஒரு கட்டணம். தலையில் கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்க ஒரு கட்டணம். அதைப் படம் எடுத்துக் கொடுக்க இன்னொரு கட்டணம். பறக்க விரும்பாதவர்களும் மற்றவர்கள் பறந்து முடிக்கும்வரை மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போக நினைத்தாலும் சுற்றிலும் கடல்.

இரண்டு பயணங்களுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி படகின் வேகத்துக்கானது. பெரும்பகுதி, உங்களை அங்கே கூட்டி வந்தவர்களுக்கானது. பட்டாயாவில் கடைத்தெரு, உணவகம், இரவு விடுதி ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கே போதும் என்பது என் எண்ணம். தானாக நடந்து வந்தவருக்கு ஒரு விலை, கூட்டி வரப்பட்டவருக்கு ஒரு விலை. (பூங்காக்களில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் என்ற பழைய புகார் வேறு. அங்கே குறைந்தபட்சம் இரண்டு விலையையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.)

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைக்குப் போக வேண்டும். 1767இல், பின்னாளில் அரசரான தாக்சின், பர்மியப் படைகளிடமிருந்து தப்பிக் கிழக்கே சந்தபுரியை நோக்கிப் போகும் வழியில் இங்கே பாளையம் இறங்கினார் என்றும், ‘தப் பிரயா’ என்ற அந்தப் பாளையத்தின் பெயரே பட்டாயா ஆனது என்றும் சொல்கிறார்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகள் இது மீனவர் குடியிருப்பு. சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அத்தியாயம் 1959. வடகிழக்கே கோராட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் ஓய்வுக்காக லாரிகளில் வந்து இறங்கினார்கள். அடுத்து வியட்நாம் போர். தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஊ தபாவ் விமானதளம். 1967 முதல் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. களைத்துப்போன சிப்பாய்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கடற்கரை.

அந்தக் காலத்துச் சட்டங்கள் இரண்டை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1960இல் தாய்லாந்து பாலியல் தொழிலைச் சட்டப்படி தடை செய்தது. 1966இல் ‘சேவை இடங்கள்’ சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து மதுக்கூடம், நடன அரங்கு, மசாஜ் நிலையம் ஆகியவற்றுக்கு உரிமம் கொடுத்தது. ஒன்று வாசலை மூடியது, மற்றொன்று பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தது. வாடிக்கையாளரோடு பேசிச் சிரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முதலாளி பெரிய சம்பளம் தர வேண்டியதில்லை; அவள் எத்தனை கோப்பை விற்க வைக்கிறாளோ அதில் அவளுக்குப் பங்கு. இன்று நகைக் கூடத்திலும் சுற்றுலாப் பேருந்திலும் நடக்கும் கமிஷன் கணக்கை இந்த ஊர் முதலில் பழகியது மதுக்கூடத்தின் முக்காலியில்தான்.

1976க்குள் அமெரிக்கப் படை வெளியேறியது. 1978இல் பட்டாயாவுக்குத் தனிச் சிறப்பு நகர நிர்வாகம் கிடைத்தது. சிப்பாய்களைக் கூட்டி வந்தது ராணுவம். அது போனதும் அந்த இடத்துக்குச் சுற்றுலா நிறுவனங்கள் வந்தன. ஐரோப்பியர், அரேபியர், ரஷ்யர், சீனர், இந்தியர் என்று அலை அலையாக ஆட்கள் மாறினார்கள். கடைப் பலகைகளில் ரஷ்ய எழுத்தும் சீன எழுத்தும் ஏறின. ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

நம்மவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் ‘டீலர் டூர்’ வழியாகத்தான். சிமெண்ட், பெயிண்ட், டயர் நிறுவனங்கள் இலக்கை எட்டிய விற்பனையாளர்களைப் பாங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் அனுப்பிவைப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைத்தெருக்கள் வரை தெரிந்த வழக்கம். எல்லோருக்கும் திட்டம் ஏறக்குறைய ஒன்றே. விமான நிலையத்திலிருந்து நேராகப் பேருந்தில் பட்டாயா. மாலை மேடை நடனம். மறுநாள் கோரல் ஐலண்ட். இரவு இந்தியச் சாப்பாடு. மூன்றாம் நாள் திரும்பும் வழியில் நகைக் கூடம். இந்தத் திட்டத்தைப் போட்டி போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். சில சமயம் ஓட்டல், பேருந்து, சாப்பாடு ஆகியவற்றின் செலவுக்கே அந்தத் தொகை கட்டாது. துண்டு விழும் தொகையை வழியில் பேருந்து நிற்கும் ஒவ்வொரு இடமும் நிரப்புகிறது. பேருந்து எங்கே நிற்கிறது என்பதே வியாபாரம்.

இதன் முற்றிய வடிவத்துக்குச் சீனச் சந்தையில் ‘பூஜ்ய டாலர் சுற்றுலா’ என்று பெயர். பயணத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே வாங்காமல் ஆட்களைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட கடைகளில் மணிக்கணக்கில் நிறுத்தி, வாங்க வைத்து ஈடுகட்டுவது. 2016 செப்டம்பரில் தாய்லாந்து அரசு இதன்மீது பாய்ந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் முடக்கப்பட்டன. அடுத்த சில மாதங்களுக்குச் சீனப் பயணிகள் வருகை சரிந்தது. 2017இல் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. குறைந்த விலைக்குச் சுற்றுலா விற்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. தெரிந்தே வந்து, விரும்பி வாங்கினார்கள் என்று எவரும் சொல்லலாம்.

நகைக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதைப் ‘போலிக் கல் கடை’ என்று ஒதுக்கிவிடுவது தவறு. பட்டாயாவுக்குக் கிழக்கே அதே கரையோரம் போனால் வரும் சந்தபுரி, உலக மாணிக்க, நீலக்கல் வியாபாரத்தின் பெரிய மையங்களில் ஒன்று. உள்ளூர்ச் சுரங்கங்கள் பெரும்பாலும் வற்றிவிட்டன. ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கற்களைச் சூடேற்றி நிறம் கூட்டுவதிலும் பட்டை தீட்டுவதிலும் அந்த ஊருக்கு இருக்கும் கைப்பழக்கம் வற்றவில்லை. அங்கே வார இறுதியில் கூடும் சந்தையில் வாங்குபவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், தரகர்கள் கல் பொட்டலங்களோடு அவரைத் தேடி வருவார்கள். நம் கடைவீதிக்கு நேர் எதிரான காட்சி அது.

பட்டாயாவின் கூடத்தில் நிலைமை தலைகீழ். முதலில் குளிர்பானம் தருவார்கள். பிறகு சிறிய ரயில் போன்ற வண்டியில் ஏற்றி, இருட்டுக்குள் சுரங்கத்தின் கதையைக் காட்டுவார்கள். அது முடிந்து கதவு திறக்கும் இடம் கண் கூசும் விற்பனைக் கூடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விற்பனைப் பெண் வந்து சேர்ந்துகொள்வார். அவருக்கு இந்தியும், சில சமயம் இரண்டு வார்த்தை தமிழும் தெரிந்திருக்கும். நகையை மறுத்தால் அடுத்த அறையில் தோல் பை, அதையும் மறுத்தால் அதற்கடுத்த அறையில் பொம்மை. கல் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதன் விலையில் கல்லுக்கும் கூலிக்கும் மேலே பேருந்தும் வழிகாட்டியும், ஓரளவு உங்கள் ஓட்டல் அறையும்கூடச் சேர்ந்திருக்கின்றன. வழிகாட்டியை இதற்காகத் திட்டுவதில் பயனில்லை. கமிஷனை எடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சும் நாள் சம்பளம் பல சமயங்களில் மிகக் குறைவு.

கடற்கரைச் சாலையில் 2009இல் திறந்த சென்ட்ரல் போன்ற பேரங்காடிகளைக் குழுத் திட்டத்தில் தேடினால் ‘ஓய்வு நேரம்’ என்ற தலைப்பின் கீழ்தான் கிடைக்கும். காரணம் எளிது: அங்கே விலை ஒட்டப்பட்டிருக்கிறது, கூட்டி வந்தவருக்குப் பங்கு பிரிக்க இடமில்லை. அங்கே வாங்கினால் இன்னொரு சலுகையும் உண்டு. தாய்லாந்தில் பொருள்மீது 7 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கிய வெளிநாட்டுப் பயணி, கடவுச்சீட்டைக் காட்டிக் கடையிலேயே படிவம் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் சேவைக் கட்டணம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். நம்மவர்களில் பலர் படிவத்தைக் கேட்க மறந்துவிட்டு, விமான நிலைய வரிசையைப் பார்த்த பிறகு வருந்துகிறார்கள்.

தெப்பிரசித் சாலையின் வார இறுதி இரவுச் சந்தையில் பேரம் பேசலாம். பேசவும் வேண்டும். மிதக்கும் சந்தை 2008இல் சுற்றுலாவுக்காகவே கட்டப்பட்டது; படம் எடுக்க நன்றாக இருக்கும். ஒரே நாளில் கோட்டு தைத்துத் தருகிறேன் என்று கையைப் பிடிக்கும் தையல் கடைக்காரர்கள் பலர் நம் நாட்டு வேர் கொண்டவர்கள், நம் பலவீனம் தெரிந்தவர்கள். ஒரே நாளில் தைத்த கோட்டு ஒரே நாளில் தைத்தது போலத்தான் இருக்கும்.

ஊருக்குள் போய்வரும் வண்டியிலும் இதே இரட்டை விலை ஓடுகிறது. பின்னால் இரண்டு நீளப் பலகை போட்ட சோங்தேவ் வண்டிகள், பெயருக்கே ‘இரண்டு வரிசை’ என்று பொருள், கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கியும் அதற்கு இணையான இரண்டாம் சாலையில் வடக்கு நோக்கியும் வட்டமடிக்கின்றன. ஏறி உட்கார வேண்டும், இறங்குமிடத்தில் கூரையிலுள்ள மணியை அழுத்த வேண்டும், இறங்கி வந்து ஓட்டுநரிடம் காசைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்தக் காசு வெறும் 10 பாட். ஏறுவதற்கு முன்னால் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் போயிற்று. அந்தக் கேள்வியோடு அது பொது வண்டியாக இருந்தது முடிந்து உங்களுக்கான வாடகை வண்டியாகிவிடுகிறது. விலை பத்து மடங்கும் ஆகலாம். விலை கேட்காமல் எதையும் வாங்காதே என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டமான பாடம்.

சாப்பாட்டுக்கு வருவோம். குழுவோடு போன தமிழர்களின் நிரந்தரக் குறை: நாலு நாளும் நான் ரொட்டி, பனீர், பருப்பு, சீரகச் சோறு, கோழிக்குழம்பு, குலாப் ஜாமூன். ஆசைப்பட்டுக் கேட்டால் ஒரு சட்டியில் சாம்பார் மாதிரி ஒன்று வரும். தெற்குப் பட்டாயாவில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் குழுச் சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்த ஒப்பந்தம். ஒரே அடுப்பிலிருந்து ஏழு மணிக்குக் குஜராத் குழுவுக்கும் எட்டு மணிக்குப் பஞ்சாப் குழுவுக்கும் ஒன்பது மணிக்கு மதுரைக் குழுவுக்கும் பரிமாற வேண்டும். எல்லோரும் சண்டை போடாமல் சாப்பிடக்கூடிய பட்டியல் அது ஒன்றுதான். தட்டுக்குப் பணம் கொடுப்பவர் சாப்பிடுபவர் இல்லை என்பதால், ருசி குறைந்தாலும் வியாபாரம் குறையாது.

அந்தப் பேருந்திலிருந்து ஒரு வேளை இறங்கிக்கொண்டால் வேறு ஊர் தெரியும். வடக்கே நக்லுவாவில் லான் போ என்ற மீன் சந்தை இருக்கிறது. இறால், நண்டு, கணவாய் எடை போட்டு வாங்கினால் பக்கத்திலேயே சிறு கூலிக்குச் சுட்டுத் தருவார்கள். கடலோரம் பாய் விரித்துச் சாப்பிடலாம். வார இறுதியில் அங்கே பாங்காக்குக் குடும்பங்களைத்தான் அதிகம் பார்க்கலாம்.

சைவக்காரர்கள் ‘ஜே’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போவது நல்லது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக அது தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. சீன வழி வந்த நோன்பு மரபு அது. நக்லுவாவிலுள்ள சவாங் போரிபூன் அறநிலையத்தைச் சுற்றி ஆண்டுதோறும் நடக்கும் சைவத் திருவிழாவின்போது தெருவே அப்படி மாறிவிடும். ‘காய்கறி மட்டும் போடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் காய்கறிதான் வரும், மேலே மீன் சாற்றோடு. கடைக்காரர் ஏமாற்றவில்லை; அவர் கணக்கில் அது உப்பு.

2018இல் திறந்த டெர்மினல் 21 பேரங்காடியின் உணவுக்கூடம் ஒரு விநோதம். ஒவ்வொரு தளத்தையும் பாரிஸ், லண்டன், டோக்கியோ என்று ஒரு நகரமாக அலங்கரித்திருக்கும் அந்தக் கட்டடத்தில் தெருக்கடை விலைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. முன்பணம் கட்டி ஓர் அட்டை வாங்கி, கடைகடையாகக் கொடுத்துச் சாப்பிட்டு, மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். சோற்றில் லாபம் பார்ப்பது அவர்கள் நோக்கமாகத் தெரியவில்லை. பசியோடு வருபவர் மின்படிகளில் இத்தனை நகரங்களைக் கடந்துதான் போகிறார். மலிவான சோறுதான் அங்கே ஆள் பிடிக்கிறது. யோசித்தால், இந்த ஊரில் கமிஷன் கேட்காத ஒரே தரகர்.

இரவு. கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் தொடங்கும் வாக்கிங் ஸ்ட்ரீட், மாலையானதும் வாகனங்களுக்கு மூடப்படும். ஒரு காலத்தில் மீனவர் வீடுகளும், கடலுக்குள் கால் ஊன்றிய மீன் உணவகங்களும் இருந்த தெரு. கோவிட் காலத்தில் அது இருண்டு கிடந்தது. மதுக்கூடங்களும் கேளிக்கை விடுதிகளும் 2022 ஜூனில்தான் முறையாகத் திறந்தன. திறந்தபோது சீனக் குழுக்கள் இல்லை. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு நடைமுறைக்கு வந்தது. 2024இல் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்து போனார்கள். இந்திப் பாட்டு அதிரும் விடுதிகள் அந்தத் தெருவில் பெருகியதற்கும், வாசலில் இந்தியில் கூவி அழைப்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

2023 டிசம்பரிலிருந்து பட்டாயா உள்ளிட்ட சில சுற்றுலா ஊர்களில் உரிமம் பெற்ற விடுதிகள் அதிகாலை நான்கு மணிவரை திறந்திருக்கலாம். மறுபக்கம், கடைகளில் பிற்பகல் இரண்டு முதல் ஐந்துவரை மது விற்கக் கூடாது என்ற 1972ஆம் ஆண்டு ஆணை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்து, 2025 இறுதியில்தான் சோதனை முறையில் தளர்த்தப்பட்டது. அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது என்பதற்காக வந்தது என்பார்கள். இரவு விடியும்வரை குடிக்கலாம், மூன்று மணி வெயிலில் ஒரு பீர் கிடையாது என்று விழித்த பயணிகள் எத்தனையோ பேர். இன்னொரு எச்சரிக்கை: மின் சிகரெட் தெருவில் விற்கிறார்களே என்று வாங்க வேண்டாம். அந்த நாட்டில் அது சட்டவிரோதம்.

மதுக்கூடத்தில் உங்கள் முன்னால் ஒரு சிறு குவளை வைப்பார்கள். குடிப்பதற்கு அல்ல, ஒவ்வொரு கோப்பை வரும்போதும் அதன் சீட்டைச் சுருட்டி அதில் செருகுவார்கள். போகும்போது ‘செக் பின்’ என்றால் சீட்டுகளைக் கூட்டிக் கணக்குச் சொல்வார்கள். அந்தச் சீட்டுகளில் உங்கள் பீரின் விலையைவிடக் கூடுதலாக ஒரு விலை அவ்வப்போது இருக்கும். பக்கத்தில் அமர்ந்து பேசும் பெண்ணுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த ‘லேடி டிரிங்க்’ அது. அதில் ஒரு பகுதி அவளுக்கு, மீதி கடைக்கு. மாதத்துக்கு இத்தனை கோப்பை என்று இலக்கு வைக்கும் கடைகளும் உண்டு. அவளை வேலை நேரத்தில் வெளியே அழைத்துப் போக விரும்பினால் கடைக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு ‘பார் ஃபைன்’, அதாவது அபராதம், என்று பெயர். சட்டப்படி கடை விற்றது பானம். வாங்கியது, ஊழியர் வேலைக்கு வராததற்கான இழப்பீடு. 1960க்கும் 1966க்கும் இடையில் திறந்த அந்தப் பக்கத்துக் கதவு இன்றும் இப்படித்தான் சாத்தாமல் இருக்கிறது. மாடியில் இலவசக் காட்சி என்று அட்டையைக் காட்டி அழைப்பவர்களைப் பின்தொடர்ந்து போனவர்களுக்கு, கீழே இறங்கும்போது நீட்டப்படும் கணக்கு இதைவிடக் கசப்பாக இருக்கும். அங்கே சீட்டுக் குவளைகூடக் கிடையாது.

இந்தப் பெண்களில் பலர் இசான் என்னும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மழையை நம்பிய நெல் வயல், கடன், ஊரில் தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தை. சமையல்காரர்கள், மோட்டார் பைக் ஓட்டுபவர்கள், அறை துடைப்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள் ஆகியோரிலும் இசான்காரர்கள் ஏராளம். அதனால் கடலோர ஊரான பட்டாயாவின் உண்மையான தெருச் சாப்பாடு, கடலே இல்லாத இசானின் சாப்பாடாக இருக்கிறது. உரலில் இடித்த பப்பாளிக்காய்ச் சாலட்டான சோம் தம், கரியில் சுட்ட கோழி, வறுத்த அரிசிப் பொடி தூவிய கொத்திறைச்சியான லாப், மூங்கில் கூடையில் ஒட்டும் சோறு.

விடுதிகள் மூடும் நேரத்தில் இந்தத் தள்ளுவண்டிகள் சோய் புவாகாவ் போன்ற தெருக்களின் ஓரத்தில் நிற்கின்றன. குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரும் பெண்கள், மிளகாய் எத்தனை என்று எண்ணிச் சொல்லி, புளித்த மீன் சாறு கூடுதலாகக் கேட்டு, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து கையால் சோற்றை உருட்டிச் சாப்பிடுகிறார்கள். அடுத்த முக்காலி காலியாகத்தான் இருக்கும். மிளகாய் எத்தனை என்று உங்களையும் கேட்பார்கள். ஒன்று என்று சொல்லுங்கள்.